வைரஸ் அடங்கியும் ஈரல் அடங்கவில்லை: திருகோணமலையிலிருந்து ஒரு டெல்டா (ஹெபடைட்டிஸ் டி) நிகழ்வு ஆய்வு

மாரிகாலத்தில் திருகோணமலை ஆஸ்பத்திரி வாட்டுகளில் நோயாளியின் பெயரைவிட அவருடைய பிளேட்லெட் எண்ணிக்கைதான் அதிகம் பேசப்படும். "இண்டைக்கு எத்தினை?" என்று பக்கத்துக் கட்டில்காரரும் கேட்பார். இங்கே எழுதப்படும் நோயாளியும் டெங்குச் சந்தேகத்தில்தான் வந்தார். அவர் சம்மதத்துடன் எழுதுகிறோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சில மாற்றப்பட்டுள்ளன.

வயது 46. நகரத்துக்கு வடக்கே கரையோரக் கிராமம் ஒன்றில் மீன்பிடிப் படகு எஞ்சின்கள் திருத்துபவர். நான்கு நாள் காய்ச்சல், உடம்பு உளைவு. பிளேட்லெட் 86,000, வெள்ளணு 3,100. டெங்கு அன்டிஜென் சோதனை நெகட்டிவ். நான்காம் நாளில் அது நெகட்டிவாக வருவதால் மட்டும் டெங்கு இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் டெங்குவாகவே வைத்துப் பார்த்தோம். காய்ச்சல் விட்டது. இரத்தம் தடிக்கவில்லை, நீர்க்கசிவு இல்லை, ஆளும் தெளிவாக எழுந்து நடமாடினார். பிளேட்லெட் மட்டும் ஏறவில்லை. ஒரு கிழமை கழித்து 88,000. இன்னும் இரண்டு கிழமை கழித்து 84,000.

காய்ச்சல் போய் மூன்று கிழமையாகியும் பிளேட்லெட் ஏறவில்லை என்றால் நுளம்பை விட்டுவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரல் இறுகினால் மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டைத் தன்னிடம் பிடித்து வைக்கும். இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் இரண்டு விரற்கடை தட்டுப்பட்டது. உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன, அதுவும் ஈரல் நோயில் காணும் அடையாளம். கண்ணில் மஞ்சள் இல்லை, வயிற்றில் நீர் இல்லை, கால் வீக்கமும் இல்லை.

அப்போதுதான் மனைவி கைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். ஏழு வருடத்துக்கு முன் கோயில் இரத்ததான முகாம் ஒன்றில் இரத்தம் கொடுத்தபின் வந்த கடிதம்: ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு அன்டிஜென் (வைரஸின் வெளியுறைப் புரதம்) பொசிட்டிவ், கிளினிக்குக்குப் போகவும். போயிருக்கிறார். ஈரல் நொதி கொஞ்சம் கூட என்று குறித்திருக்கிறார்கள். "அது சும்மா கிடக்கிற கிருமி, பயப்படத் தேவையில்லை" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் போகவில்லை. நம் ஊரில் ஹெபடைட்டிஸ் பி தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான்: ஒன்று இரத்ததானம், இல்லையென்றால் வளைகுடா நாட்டு வேலைக்கான மெடிக்கலில் 'அன்ஃபிட்'. இரண்டுமே நோயைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடும் இடங்கள்.

பரிசோதனைகள்

ஸ்கானில் ஈரலின் மேற்பரப்பு கரடுமுரடு, மண்ணீரல் 15.5 சென்ரிமீற்றர். கட்டி எதுவும் இல்லை. ஈரல் கலங்கள் சேதப்படும்போது இரத்தத்தில் ஏறும் நொதிகளான ஏ.எல்.ரி. 148 (40-க்குள் இருக்க வேண்டியது), ஏ.எஸ்.ரி. 132, பிலிருபின் 24 மைக்ரோமோல், அல்புமின் 34 கிராம், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.2. கமரா விட்டுப் பார்த்ததில் உணவுக்குழாயின் அடியில் சிறிய நாளப் புடைப்புகள். ஆக, சிரோசிஸ்; அதன் கடுமையை அளக்கும் சைல்ட்-பியூ அளவுகோலில் மிக இலேசான ஏ வகுப்பு, 6 புள்ளி. ஈரல் இறுகிவிட்டது, ஆனால் இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டும் நெகட்டிவ். தன்னெதிர்ப்பு நோய்களுக்கான சோதனைகள், இரும்பு, செம்பு, எல்லாம் சரி. சீனி வருத்தம் இல்லை, பருமனும் இல்லை, ஸ்கானில் கொழுப்பும் இல்லை. ஹெபடைட்டிஸ் பி வேகமாகப் பெருகுவதைக் காட்டும் 'ஈ' அன்டிஜென் நெகட்டிவ். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் டி.என்.ஏ. மில்லிலீற்றருக்கு 340 அலகுகள்தான்.

இந்த 340-இல் கொஞ்சம் நிற்க வேண்டும். 2,000-க்குக் கீழே டி.என்.ஏ. உள்ள ஹெபடைட்டிஸ் பி-யை உறங்குகிற நிலை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வோம். அந்த நிலையில் ஏ.எல்.ரி. சாதாரணமாக இருக்க வேண்டும். இவருக்கோ 148, கூடவே சிரோசிஸ். முன்னொரு காலத்தில் வைரஸ் கொதித்து ஈரலைக் கெடுத்துவிட்டு இப்போது அடங்கியிருக்கலாம் என்று வாதிடலாம். அப்படியானால் ஏ.எல்.ரி.யும் அடங்கியிருக்க வேண்டும். கணக்கு உதைத்தது.

இப்படி உதைக்கும் கணக்கை நம் ஆஸ்பத்திரிகளில் நேர் செய்ய எப்போதும் கையிருப்பில் இருக்கும் விடை சாராயம். வாட்டில் படுத்திருந்தபோதே மூன்று வேறு ஆட்கள் அவரிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"கோயில்ல கொடியேறினா மீன் கூடத் தொடமாட்டார் டொக்டர். இப்ப ஊரெல்லாம் குடிச்சுக் குடிச்சு ஈரல் போயிட்டுதெண்டு கதைக்குது. எங்கட சம்பந்தி வீட்டுக்கும் போயிட்டுது அந்தக் கதை."

அவர் குடிப்பதில்லை. இருபதுகளில் குடித்திருக்கிறார், அதுவும் சொற்பம். ஈரல் நோயாளி என்றால் குடிகாரன் என்ற முடிவு மருத்துவத்திலும் கெடுதல் செய்கிறது. விடை கிடைத்துவிட்டதென்று தேடலை நிறுத்திவிடுகிறோம்.

சிரோசிஸ் உள்ளவருக்கு டி.என்.ஏ. எவ்வளவு குறைவாக இருந்தாலும் மருந்து தொடங்க வேண்டும். பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று.

ஆறு மாதத்துக்குப் பின்

டி.என்.ஏ. கண்டுபிடிக்க முடியாத அளவு. ஏ.எல்.ரி. 139.

மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்பதுதான் எல்லாருக்கும் முதலில் வரும் சந்தேகம். அதை எதிர்பார்த்தே வந்ததுபோல் மனைவி ஷொப்பிங் பையைத் திறந்து வெறும் மருந்துப் போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் தொடங்கிய திகதி பேனையால் எழுதியிருந்தது. அந்தப் போத்தல்கள் இல்லாவிட்டாலும் டி.என்.ஏ. இல்லாமற்போனதே போதிய சாட்சி. குடிக்காதவருக்கு அது நடக்காது.

வேறேதும் மருந்து? கொஞ்சம் தயங்கிவிட்டுக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்ததைச் சொன்னார். ஒரு மாதம், பத்தியத்தோடு. அதற்காக அவரை ஏச எனக்கு மனமில்லை. செங்கண்மாரிக்கு (மஞ்சள் காமாலைக்கு) அதைக் கொடுக்காத வீடு இந்தப் பக்கம் இல்லை. அந்த நம்பிக்கைக்கு ஆய்வுக்கூடத்திலும் ஒரு வரலாறு உண்டு: 1988-இல் சென்னையில் செய்த ஆய்வொன்று, கீழ்க்காய்நெல்லி கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் பி அன்டிஜென் மறைந்ததாக 'லான்செட்' இதழில் வந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இவரைப் பொறுத்தவரை அரைத்துக் குடிப்பதற்கு முன்னும் பின்னும் நொதி ஒரே உயரத்தில்தான். மூலிகையால் வந்த ஈரல் அழற்சியென்றால் நிறுத்திய பிறகு இறங்கியிருக்கும்.

ஆக, பி வைரஸ் அடங்கிவிட்டது. சாராயம் இல்லை, கொழுப்பு இல்லை, சி இல்லை, மூலிகை இல்லை. ஈரல் தொடர்ந்து எரிகிறது. மிஞ்சியிருந்தது டெல்டா, அதாவது பி உள்ளவரை மட்டுமே பிடிக்கும் ஹெபடைட்டிஸ் டி வைரஸ்.

டெல்டா எதிர்ப்பொருள் சோதனைக்கு இரத்தம் கொழும்பிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் ஊடாக வெளிநாடு போனது. பொசிட்டிவ். இந்த எதிர்ப்பொருள் நோய் ஆறிய பின்னும் இரத்தத்தில் தங்கிவிடும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனைதான் சொல்லும். அதற்கு இரத்தத்தின் தெளிந்த பகுதியான சீரத்தைப் பிரித்து உறைய வைத்து, ஐஸ் பெட்டியில் இரவோடிரவாகக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. செலவைக் குடும்பமே ஏற்றது. எஞ்சின் திருத்துபவருக்கு அது சின்னத் தொகை இல்லை. முடிவு: மில்லிலீற்றருக்கு நாலு இலட்சம் அலகுக்கு மேல்.

எங்கிருந்து வந்தது

இலங்கை ஹெபடைட்டிஸ் பி குறைந்த நாடு. சனத்தொகையில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே மேற்பரப்பு அன்டிஜென் உண்டு. டெல்டா அதற்குள்ளும் அரிது என்பது பொதுவான எண்ணம். ஒரு சோதனையை யாரும் கேட்காத இடத்தில் அந்த நோய் அரிதாகத்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படியோ, 46 வயது எஞ்சின் திருத்துபவருக்கு இது வந்த வழியைத் தேடினோம்.

கிளினிக் கொப்பியில் 'வெளிநாட்டு வேலை: இல்லை' என்றிருந்தது. உண்மைதான், அவர் எந்த வெளிநாட்டிலும் வேலை செய்ததில்லை. கேள்வியை மாற்றி, நாட்டை விட்டு எப்போதாவது வெளியில் போயிருக்கிறீர்களா என்று கேட்டபோது அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார்.

"தொண்ணூற்றெட்டில ஏஜென்சிக்காரன் ஏத்தினவன் டொக்டர். கனடாவுக்கு எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவன். மேற்கு ஆபிரிக்காவில கொண்டுபோய் விட்டுட்டு ஆள் இல்லை. ஒரு வருசத்துக்கு மேல ஒரு அறைக்குள்ள பதினாலு பேர்."

கடவுச்சீட்டு ஏஜென்சிக்காரன் கையில். சமையல், சவரம், காய்ச்சல் எல்லாம் பொதுவில். ஒரே ரேசரில் நாலைந்து பேர் சவரம் செய்திருக்கிறார்கள். அங்கே அவருக்குச் செங்கண்மாரி வந்து ஒரு மாதம் எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறார். ஊசி போட ஒருவன் வருவானாம். கண்ணாடிச் சிரிஞ்ச், சுடுதண்ணியில் அலசிவிட்டு அடுத்தவருக்கும் அதே ஊசி. பிறகு பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காணி ஈடு வைத்துப் போன பயணம்; தோற்றுத் திரும்பியதை ஊரில் யாரிடமும் விரித்துச் சொல்லவில்லை. கொழும்பில் நின்றதாகவே பலர் நினைத்திருக்கிறார்கள்.

உலகில் டெல்டா அதிகம் உள்ள இடங்களில் மேற்கு ஆபிரிக்காவும் ஒன்று. மொங்கோலியா, மொல்டோவா, ருமேனியா, பாகிஸ்தான், அமேசன் படுகை ஆகியனவும் அப்படியே. இந்தப் பட்டியலையும், எண்பதுகள் தொண்ணூறுகளில் வடக்கு கிழக்கிலிருந்து ஏஜென்சி மூலம் புறப்பட்ட பையன்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட ஊர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல பெயர்கள் ஒத்துப்போகும். அவர்களில் திரும்பி வந்தவர்கள் இப்போது ஐம்பதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். சிரோசிஸ் வெளிப்படும் வயது.

ஹெபடைட்டிஸ் பி அவருக்கு அங்கே வந்ததல்ல என்றே நினைக்கிறோம். தாய் 'வயிறு வீங்கி' இறந்திருக்கிறார். மூத்த அக்காவும் பொசிட்டிவ். பிறப்பிலோ சிறுவயதிலோ தாயிடமிருந்து பி வந்திருக்க வேண்டும். இந்த முன்பின் வரிசை முக்கியம். பி-யும் டெல்டாவும் ஒரே நேரத்தில் தொற்றினால் பெரியவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டும் தாமாகவே போய்விடும். ஏற்கெனவே பி உள்ளவருக்கு மேலே டெல்டா வந்து ஏறினால் பெரும்பாலானவர்களில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். அந்த அறையில் வந்த செங்கண்மாரி, டெல்டா ஏறிய நாட்களாக இருக்கலாம். இருபத்தைந்து வருடத்துக்குப் பின் நிரூபிக்க வழியில்லை. ஆனால் எல்லாம் பொருந்துகிறது.

டெல்டா செய்யும் வேலை

1977-இல் இத்தாலியின் துரின் நகரத்தில் மரியோ ரிசெற்றோ ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளின் ஈரலில் புதிய அன்டிஜென் ஒன்றைக் கண்டு அதற்கு டெல்டா என்று பெயர் வைத்தார். முதலில் அது பி வைரஸின் ஒரு பகுதி என்றே எண்ணப்பட்டது. தனி வைரஸ் என்பது பிறகே தெளிவானது. அதன் மரபுப்பொருள் ஏறக்குறைய 1,700 எழுத்துகள் கொண்ட ஒரு ஆர்.என்.ஏ. வளையம், மனிதரைத் தொற்றும் வைரஸ்களில் இதைவிடச் சிறியது இல்லை. வெளியுறைக்கான புரதத்தைக்கூட அது தானாகச் செய்வதில்லை. பி வைரஸின் மேற்பரப்பு அன்டிஜெனை இரவல் சட்டையாகப் போட்டுக்கொண்டுதான் அடுத்த ஈரல் கலத்துக்குள் நுழைகிறது. பி இல்லாதவருக்கு டெல்டா நோய் வராதது அதனால்தான்.

டெனோஃபோவிர் ஏன் பலிக்கவில்லை என்பதும் இங்கேதான் விளங்குகிறது. அந்த மருந்து அடைப்பது பி வைரஸின் படியெடுக்கும் நொதியை. டெல்டாவோ தன்னைப் பெருக்க நம்முடைய ஈரல் கலத்தின் நொதியையே பயன்படுத்துகிறது. அதை இந்த மருந்து தொடாது. டி.என்.ஏ. பூச்சியமானாலும் ஈரல் கலத்துக்குள் பதுங்கிய பி மரபுப்பொருளிலிருந்து மேற்பரப்பு அன்டிஜென் உருவாகிக்கொண்டே இருக்கும். பி-யை அடக்கிவிட்டோம் என்று நாம் நினைக்கும்போதும் டெல்டாவுக்குச் சட்டைக்குப் பஞ்சமில்லை. டெல்டா பெரும்பாலும் பி-யின் பெருக்கத்தைத் தானே அமுக்கி வைப்பதால் டி.என்.ஏ. முதலிலிருந்தே குறைவாகத் தெரியும். 340 என்ற எண்ணுக்கு விளக்கம் அதுதான். 'சும்மா கிடக்கிற கிருமி' என்று சொன்னவர் பார்த்ததும் இப்படியான ஒரு எண்ணாகவே இருந்திருக்கும்.

உலகில் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களில் ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்கு டெல்டாவும் உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாட்பட்ட வைரஸ் ஈரல் அழற்சிகளில் மிகக் கடுமையானது இந்தச் சேர்க்கைதான். சிரோசிஸும் புற்றுநோயும் பி மட்டும் உள்ளவர்களைவிட வேகமாக வருகின்றன. 2025-இல் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டெல்டாவை மனிதரில் புற்றுநோய் விளைவிப்பவற்றின் வரிசையில் சேர்த்தது.

சிகிச்சை

பெக்-இன்டர்ஃபெரோன், கிழமைக்கொரு ஊசி, 48 கிழமை. எடுப்பவர்களில் நாலில் ஒருவருக்கு அல்லது அதற்குச் சற்று மேல் வைரஸ் மறையும். மறைந்தவர்களிலும் பலருக்குப் பின்னாளில் திரும்பி வரும். பிளேட்லெட்டை இன்னும் இறக்கும். ஈரல் தளர்ந்தவருக்குக் கொடுக்கவே கூடாது. இவருக்கு ஈரல் தளரவில்லை, ஆனால் பிளேட்லெட் 84,000, நாளப் புடைப்பும் இருக்கிறது. கொழும்பு ஈரல் நிபுணர்களுடன் பேசினோம். கொடுக்கலாம் என்றும் வேண்டாம் என்றும் நியாயமான கருத்துகள் வந்தன. எங்களுடைய எண்ணம் வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்தது. இருநூற்று அறுபது கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நிபுணரின் கண்காணிப்பில், கிழமைக்குக் கிழமை இரத்த எண்ணிக்கை பார்த்து ஓட்ட வேண்டிய சிகிச்சை அது. நடுவில் ஈரல் தளர்ந்தால் இருந்ததும் போய்விடும். அவரிடமும் மனைவியிடமும் இரண்டு பக்கத்தையும் சொன்னோம். அவரும் வேண்டாமென்றார்.

புலெவிர்டைட் என்ற மருந்து 2020-இல் ஐரோப்பாவில் நிபந்தனையுடனும் 2023-இல் முழுமையாகவும் அனுமதி பெற்றது. பித்த உப்பை உள்ளே எடுக்கும் வாசல் வழியாகத்தான் பி-யும் டெல்டாவும் ஈரல் கலத்துக்குள் போகின்றன. இந்த மருந்து அந்த வாசலை அடைக்கிறது. நாளுக்கு 2 மில்லிகிராம், தோலுக்கடியில் ஊசி. 48 கிழமை முடிவில் 45 சதவீதத்தினருக்கு வைரஸ் நன்றாக இறங்கி நொதியும் சாதாரணமானது. மருந்தில்லாதவர்களில் அது 2 சதவீதம். இவருக்குப் பொருத்தமான மருந்து இதுதான். இவருடைய கைக்கு எட்டாத மருந்தும் இதுதான்.

அப்படியானால் கண்டுபிடித்து என்ன பயன் என்று சக வைத்தியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நடந்ததைச் சொல்கிறேன். டெனோஃபோவிர் தொடர்கிறது, சிரோசிஸ் இருப்பதால். நாளப் புடைப்புக்குக் கார்வெடிலோல் தொடங்கினோம். ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கானும், ஈரல் புற்றுநோயைத் தேடும் ஏ.எஃப்.பி. இரத்தச் சோதனையும் நடக்கின்றன. டெல்டாவைக் கண்டுபிடிக்காவிட்டால் நொதி 139-க்கு மருந்தை மாற்றிப் பார்ப்பதில் காலம் போயிருக்கும். ஈரல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் பெயர் பதிந்தாயிற்று. டெல்டா நோயாளிகளுக்கு மாற்று ஈரல் நன்றாகவே பிடிக்கிறது. புது ஈரலில் பி வராமல் தடுத்தால் டெல்டாவும் வராது. கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் மதுவால் வந்த நோய் அல்ல என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மனைவி கேட்டது அதைத்தான். சம்பந்தி வீட்டுக்கு அந்தக் கொப்பி போய் வந்ததாக அறிகிறோம்.

ஒன்றரை வருடத்தின் பின் ஏ.எல்.ரி. 121, பிளேட்லெட் 81,000, சைல்ட்-பியூ அதே 6. ஸ்கானில் கட்டி இல்லை. ஆர்.என்.ஏ.யைத் திரும்பப் பார்ப்பதானால் அதே ஆய்வுகூடத்தில்தான் பார்க்க வேண்டும். ஒரு கூடத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டால் ஏமாற வேண்டி வரும்.

குடும்பமும் கிளினிக்கும்

மனைவிக்கு எப்போதோ பி வந்து தானாகவே ஆறியிருக்கிறது, எதிர்ப்பு உண்டு. மகள் 17 வயது, குழந்தையிலேயே தடுப்பூசி போட்டவள். மகனுக்கு 23. இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2003-இல்தான் படிப்படியாகத் தொடங்கியது, அவன் அதற்கு முந்தியவன். தொற்று இல்லை, எதிர்ப்பும் இல்லை. மூன்று ஊசியும் போட்டு முடிந்தது. பி-க்குப் போடும் ஊசி டெல்டாவையும் தடுக்கும். டெல்டாவுக்கென்று தனி ஊசி கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, மேற்பரப்பு அன்டிஜென் பொசிட்டிவான எல்லோருக்கும் டெல்டா எதிர்ப்பொருள் பார்க்கச் சொல்கிறது. முடியாத இடங்களில் ஈரல் நோய் முற்றியவர்கள், டி.என்.ஏ. குறைவாக இருந்தும் ஏ.எல்.ரி. கூடியவர்கள், நோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வந்தவர்கள் போன்றோருக்கு முன்னுரிமை. எங்களால் இப்போதைக்கு முடிவது இந்த முன்னுரிமை வழிதான். டி.என்.ஏ.க்கு இரத்தம் எடுக்கும்போதே கொஞ்சம் சீரத்தை உறைய வைக்கிறோம், தேவைப்பட்டால் இரண்டாம் முறை குத்தாமல் அனுப்பலாம். கொப்பியில் வேலை பற்றிய கேள்விக்குக் கீழே பயணம் பற்றிய கேள்வியைக் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறோம்.

அக்காவைப் பற்றித்தான் எங்களுக்கு இப்போது யோசனை. அவருக்கு பி உண்டு, டெல்டா இல்லை. ஏற்கெனவே பி உள்ளவரை எந்தத் தடுப்பூசியும் டெல்டாவிலிருந்து காப்பாற்றாது. தம்பியும் அக்காவும் ஒரே வளவில் இருக்கிறார்கள். ஒரே கிணறு, ஒரே அடுப்பு, ஒரே கோப்பை, இவை எதனாலும் தொற்றாது என்பதை இரண்டு வீட்டாருக்கும் சொன்னோம். ரேசர், நகவெட்டி, பல் தூரிகை தனித்தனி. தம்பிக்குக் காயம் பட்டால் துணியைத் தோய்த்துக் கொடுப்பவர் அக்கா இல்லாமல் மனைவியாக இருக்கட்டும் என்றோம். எஞ்சின் வேலையில் கையில் காயம் படாத கிழமை இல்லை. அக்காவின் இரத்தத்தில் டெல்டா எதிர்ப்பொருளை வருடத்துக்கொருமுறையும், நொதி திடீரென்று ஏறினால் உடனேயும் பார்ப்பதாக முடிவு.